இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை: ஆட்டிசம் குறித்து வடசென்னைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பகுதிகளில் சிறு குழந்தைகளுக்கான சிறப்பாசிரியராகப் பணியாற்றி வருகிறேன். வெவ்வேறு வீடுகளிலிருந்து வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் அல்லேன். ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டியவர்கள் குழந்தை நல மருத்துவரும் உளவியலாளருமே. அவர்களிடம் போவதற்கு முன்பும், போய்வந்த பிறகு இரவில் தூக்கம் வராமல் கிடக்கும்போதும் எழுகிற கேள்விகள் இவை.

மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. "அம்மா" என்றுகூடச் சொல்வதில்லை. இது ஆட்டிசமா?

பேச்சு தாமதமாவதற்குக் காது கேளாமை, அறிவு வளர்ச்சியில் தாமதம், பேச்சு மட்டும் பிந்துதல் என்று பல காரணங்கள் உண்டு. ஆட்டிசம் அவற்றில் ஒன்று. பெற்றோர் எல்லோரும் எத்தனை சொல் பேசுகிறான் என்றே கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் நான் கேட்பது, குழந்தை எதையாவது விரல் நீட்டிக் காட்டுகிறானா என்பதைத்தான்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் போகும்போது, ஒன்றரை வயதுக் குழந்தை என்ன செய்யும் என்று கவனித்திருப்பீர்கள். ரயிலை நோக்கி விரலை நீட்டும். உடனே திரும்பி, தன்னை இடுப்பில் வைத்திருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். மறுபடி ரயிலைப் பார்க்கும். நீயும் பார்த்தாயா என்று ஒரு சொல்கூட இல்லாமல் கேட்கிற கேள்வி அது. பேச்சு அங்கேதான் வேர்விடுகிறது. விரலும் நீளாமல், அம்மாவின் முகத்தையும் தேடாமல், கடைசிப் பெட்டி போகும்வரை சுழலும் சக்கரங்களை மட்டும் ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருந்தால், அதுவும் ஒருநாள் இருநாள் அல்லாமல் எப்போதும் அப்படியே இருந்தால், அந்தக் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஏறத்தாழ 9 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்ப வேண்டும். 12 மாதத்திற்குள் "பப்பப்பா", "மம்மம்மா" என்று மழலை வந்திருக்க வேண்டும். டாட்டா காட்டுவது, கை நீட்டித் தூக்கச் சொல்வது போன்ற சைகைகளும் தொடங்கியிருக்க வேண்டும். 16 மாதத்தில் ஒரு சொல்லாவது, 18 மாதத்தில் சுட்டிக்காட்டுதல், 24 மாதத்தில் "பால் குடு", "ஆயா வா" என்று தானாகவே இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுதல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் ஆட்டிசம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆனால் காட்டாமலும் இருந்துவிட வேண்டாம்.

வண்டிகளை வரிசையாக அடுக்குவது, நுனிக்காலில் நடப்பது, கைகளை உதறுவது, ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பது ஆகியவற்றைப் பார்த்துத்தான் பலர் பயந்துபோய் வருகிறார்கள். இவை தனித்தனியே பல சாதாரணக் குழந்தைகளிடமும் உண்டு. மேலே சொன்ன பகிர்தல் இல்லாமையோடு சேர்ந்து வரும்போதுதான் இவற்றுக்குப் பொருள் கூடுகிறது.

ஆட்டிசம் என்பது என்ன? அது நோயா?

மூளை வளரும் விதத்தில் பிறப்பிலிருந்தே இருக்கும் ஒரு வேறுபாடு. ஒட்டுவதும் இல்லை, மாத்திரையில் தீர்வதும் இல்லை. பிறரோடு உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் தடை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் போக்கு அல்லது ஒலி, ஒளி, தொடுதல் போன்ற புலன்களில் வழக்கத்துக்கு மாறான உணர்வு ஆகிய இரண்டு பக்கமும் சேர்ந்திருக்கும்போதுதான் அந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் இதை முதலில் விரிவாக எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. ஆகவே உங்கள் தெருவில் உங்கள் பிள்ளை மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். பெண் குழந்தைகளிடம் அறிகுறிகள் அடங்கித் தெரிவதால், "அமைதியான பொண்ணு" என்ற பாராட்டோடு அவர்களை விட்டுவிடுகிறோம்.

தமிழில் மதியிறுக்கம் என்றும், அரசு அறிவிப்புகளில் புறவுலகச் சிந்தனையற்றோர் என்றும் பார்ப்பீர்கள். இரண்டாவது பெயர் எனக்கு உடன்பாடானது அல்ல. இந்தக் குழந்தைகளுக்குப் புற உலகைப் பற்றிய சிந்தனை உண்டு; பல நேரங்களில் நம்மைவிடக் கூர்மையாகவே உண்டு.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் பிஸ்கட் கவரைப் பிரித்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான். அப்படியானால் காது நன்றாகத்தானே கேட்கிறது?

அப்படி வீட்டிலேயே முடிவுசெய்யக் கூடாது. சில சுருதிகள் மட்டும் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைகள் உண்டு. அவர்களும் கவர் சத்தத்துக்கோ கதவு சத்தத்துக்கோ திரும்புவார்கள். ஆகவே பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதலில் செவித்திறன் பரிசோதனை வேண்டும். குழந்தை தூங்கும்போது காதில் சிறு ஒலி கொடுத்து, மூளை அதை வாங்கிக்கொள்கிறதா என்று பதிவுசெய்யும் பெரா பரிசோதனையில் வலி கிடையாது. அதில் செவித்திறன் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, கவருக்கு ஓடி வந்து பெயருக்குத் திரும்பாத நடத்தைக்கு வேறு பொருள் வருகிறது: ஒலி கேட்கிறது, ஆனால் மனிதக் குரல் தன்னை அழைக்கிறது என்பது அவனுக்கு இன்னும் முக்கியமாகப் படவில்லை.

"அவன் அப்பா நாலு வயசுலதான் பேசினான்" என்று மாமியார் சொல்கிறார். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பாட்டி பொய் சொல்லவில்லை. அவருடைய மகன் தாமதமாகப் பேசி, இன்று துறைமுகத்தில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறார் என்றால், அவர் நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அப்பாவின் குழந்தைப்பருவத்தைப் பார்த்து மகனின் குழந்தைப்பருவத்தை அளக்க முடியாது. தானாகப் பேசிவிடும் குழந்தையைப் பரிசோதிப்பதால் இழப்பு ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும்தான். உதவி தேவைப்படும் குழந்தையைக் காத்திருக்க வைத்தாலோ, மூளை மிக வேகமாகக் கற்கும் ஆண்டுகள் கையை விட்டுப் போகின்றன. நான்கரை வயதில் முதன்முறையாகக் கூட்டி வரப்படும் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம், இரண்டு வயதிலேயே சந்தேகப்பட்ட ஒரு தாய் அந்த வீட்டில் இருந்ததை அறிகிறேன். அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

இது ஆட்டிசம்தானா என்று உறுதியாகும் வரை பயிற்சியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பேச்சு தாமதமான குழந்தைக்குத் தரும் உதவியும், ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைக்குத் தரும் தொடக்க உதவியும் பெரும்பாலும் ஒன்றேதான்.

ஒன்றரை வயதுவரை சில சொற்கள் பேசினாள். இப்போது எதுவும் சொல்வதில்லை.

எந்த வயதானாலும், வந்த பேச்சோ பழக்கமோ மறைந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இப்படி நேர்வதுண்டு. வலிப்பு உள்ளிட்ட வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் அவசரம் கூடுதல். பழைய செல்போன் வீடியோக்களை அழித்துவிடாதீர்கள். பிறந்தநாளில் அவள் கை தட்டிய, பேசிய பதிவுகள் மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

செல்போன் பார்த்ததால் வந்ததா?

செல்போன் ஆட்டிசத்தை உண்டாக்கியது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அது குழந்தையின் நேரத்தைத் தின்கிறது. ஒற்றை அறை வீடு, இருவரும் வேலைக்குப் போக வேண்டிய நிலை, வெளியே கண்டெய்னர் லாரி ஓடும் சாலை. இவற்றுக்கு நடுவே போனைக் கொடுத்துச் சோறூட்டும் தாயை நான் குற்றம் சொல்ல மாட்டேன். எனினும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு வயதுக்குள் திரையே கூடாது. 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. போனை நிறுத்திய சில வாரங்களில் சில குழந்தைகள் முகம் பார்க்கத் தொடங்குகிறார்கள், அது நல்லதே. அதைக் காரணமாக வைத்து மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டாம்.

தடுப்பூசி போட்ட பிறகுதான் இப்படி ஆனான் என்று சொல்கிறார்கள்.

இந்தப் பயம் 1998-இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அதில் முறைகேடுகள் நடந்தது வெளிப்பட்டு, 2010-இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது; அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று கண்டது. 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய வதந்திகள் பலருக்கு நினைவிருக்கும். இரண்டாவது தவணை போடும் 16 முதல் 24 மாத வயதிலேயே ஆட்டிசத்தின் அறிகுறிகளும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதால், ஒன்று மற்றொன்றால் வந்ததுபோலத் தோன்றுகிறது. ஊசியைத் தவிர்த்தால் ஆட்டிசம் தவிராது, தட்டம்மைதான் வரும்.

கர்ப்பமாக இருந்தபோது நான் ஏதோ தவறு செய்துவிட்டேனா?

இல்லை. நீங்கள் கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, அழுததாலோ, வேலைக்குப் போனதாலோ இது வரவில்லை. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரிது, அதுவும் ஒற்றை மரபணு அல்ல, பலவற்றின் சேர்க்கை. பெற்றோரின் வயது, குறைமாதப் பிறப்பு, வலிப்புக்கான சில மருந்துகள் போன்றவை வாய்ப்பைச் சற்று கூட்டலாம். தாயின் அன்பு குறைவாக இருந்ததால்தான் குழந்தை ஒதுங்குகிறது என்று மேலை நாட்டு மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பித் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். அந்தக் கருத்து பொய் என்று நிறுவப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நம் வீடுகளில் மட்டும் அது இன்னும் சாகவில்லை. கணவர்களிடம் நான் தனியாகச் சொல்வது ஒன்றுண்டு: உங்கள் அம்மா உங்கள் மனைவியைக் குறை சொல்லும்போது நீங்கள் வாய் திறந்து பேசுங்கள்.

வடசென்னையில் இருந்துகொண்டு முதலில் எங்கே காட்டுவது?

அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ சொல்லித் தொடங்கலாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் மருத்துவக் குழு வளர்ச்சித் தாமதத்தையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால், வளர்ச்சித் தாமதத்துக்குச் சிறு வயதிலேயே உதவும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கன்வாடிக்கு அனுப்பாத குழந்தைகள் இந்த வலையில் சிக்காமல் போய்விடுகிறார்கள்.

நேரடியாகப் போவதென்றால் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு பக்கம். குழந்தைகளுக்கென்றே இருக்கும் பெரிய அரசு மருத்துவமனை எழும்பூரில் உள்ளது. விம்கோ நகரிலிருந்து வருபவர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, அங்கே மாறினால் எழும்பூர் அடுத்த நிலையம். பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது. நமக்கு அது நகரத்தின் மறுகோடி என்றாலும், முழுமையான மதிப்பீட்டுக்கு ஒருமுறையாவது போய்வரலாம். வாராந்தரப் பயிற்சியை மட்டும் வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருந்து மாறிப் போகும் பயிற்சி மூன்றாவது மாதம் நின்றுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரிந்துவிடுமா?

தெரியாது. குழந்தை விளையாடுவதைப் பார்த்தும் உங்களிடம் விரிவாகக் கேட்டுமே உறுதிசெய்கிறார்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. அது சல்லடை மட்டுமே, தீர்ப்பு அல்ல. வலிப்பு போன்ற வேறு ஐயம் இருந்தால் மட்டும் ஸ்கேன் எழுதுவார்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பினால், உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால், வேறொரு மருத்துவரிடம் போக உங்களுக்கு உரிமை உண்டு. போகும்போது கூப்பிட்டால் திரும்பாதது, தனியே விளையாடுவது, சாப்பிடுவது என்று இரண்டு இரண்டு நிமிட வீடியோக்களை எடுத்துச் செல்லுங்கள்.

நாக்கில் வசம்பு தடவலாமா? மந்திரிக்கலாமா? ஸ்டெம் செல் போட்டால் சரியாகுமாமே?

பேச்சு தாமதமாவது நாக்கின் தடிப்பால் அல்ல. வசம்பை உள்ளுக்குக் கொடுப்பது குழந்தைக்குப் பாதுகாப்பானதும் அல்ல. கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போவது உங்கள் மனதுக்கு வலு தருமென்றால் போங்கள். அதே வாரத்தில் மருத்துவமனைக்கும் போங்கள்.

ஸ்டெம் செல் எனப்படும் உயிரணுக்களை உடலில் செலுத்தும் சிகிச்சை குறித்துத்தான் எனக்கு உண்மையான கோபம் இருக்கிறது. தாலியை அடகுவைத்து லட்சக்கணக்கில் கட்டிய குடும்பங்களை நான் அறிவேன். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் ஆட்டிசத்துக்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லி ஏற்றும் மருந்துகளால் குழந்தைகள் இறந்ததுண்டு. ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக எவர் உறுதி கொடுத்தாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

நிறைய. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பேச்சுப் பயிற்சியாளரிடம் இருக்கும் குழந்தை, மீதி நேரமெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறான்.

முதலில் அவன் உயரத்துக்கு இறங்குங்கள். தரையில், அவன் முகத்துக்கு நேரே உட்காருங்கள். உங்கள் விளையாட்டுக்கு அவனை இழுக்காமல், அவன் செய்வதோடு நீங்கள் சேர்ந்துகொள்ளுங்கள். அவன் மூடியைச் சுற்றினால் நீங்களும் ஒரு மூடியைச் சுற்றுங்கள். சற்று நேரத்தில் அவன் நிறுத்தி உங்களை நிமிர்ந்து பார்ப்பான். அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவும்.

கேட்காமலேயே எல்லாம் கொடுத்துவிடாதீர்கள். புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு தாய், மகனுக்குப் பிடித்த முறுக்கை மூடி இறுகிய கண்ணாடி ஜாடியில் போட்டு, அவன் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார். முதல் வாரம் அவன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து ஜாடியின்மேல் வைத்தான். அவர் மூடியைத் தொட்டபடி "தொற" என்று ஒரே சொல்லைச் சொல்லி, மனதுக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருந்து, பிறகு திறந்தார். மூன்றாவது வாரம் அவன் ஜாடியைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்து முகத்தைப் பார்த்தான். "தொ" என்ற ஒலி வர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. வேகம் இவ்வளவுதான், ஆனால் இது வளர்ச்சி.

மாடியில் நிலாவைக் காட்டிச் சோறூட்டும் நம் பழக்கம் எவ்வளவு நல்ல பயிற்சி என்பதை இந்தத் தொழிலுக்கு வந்த பிறகே உணர்ந்தேன். விரல் போகும் திசையில் கண் போவதும், ஒரே பொருளை இருவர் சேர்ந்து பார்ப்பதும் அதில் இருக்கின்றன. நிலா தொலைவில் இருப்பதால் தொடக்கத்தில் அவன் உங்கள் விரலையே பார்ப்பான். கைக்கெட்டும் பொருளைத் தொட்டுக் காட்டி, நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டுங்கள்.

இங்கிலீஷில் மட்டும் பேசச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் உண்டு.

உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அந்த மொழியில் பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதும் இல்லை, கூடுவதும் இல்லை. பள்ளிக்காக வீட்டு மொழியை விட்ட குடும்பங்களில் அம்மாவே திக்கித் திக்கிப் பேசுகிறார், ஆயா பேசுவதையே நிறுத்திவிடுகிறார். பேச்சு வேண்டிய குழந்தைக்குப் பேச்சு இன்னும் குறைகிறது.

தெருவில் சாவு மேளம் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அடக்கினால் சுவரில் முட்டுகிறான்.

அது பிடிவாதம் அல்ல. நமக்குச் சத்தமாகக் கேட்பது அவனுக்கு வலியாக இருக்கலாம். அடிப்பதும் அதட்டுவதும் மேலும் ஒரு வலியைச் சேர்க்கும். வீட்டின் உள் அறையில் ஒரு மூலையை ஒதுக்கி, ஒலியைத் தடுக்கும் காதுமூடியும் கனத்த போர்வையும் வைத்திருங்கள். ஊர்வலம் வருகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே அங்கே கொண்டுபோய்விடுங்கள். தீபாவளிக்கு முன்பும் இதையே செய்யலாம். குக்கர் விசிலும் மிக்சியும்கூடச் சிலருக்குத் தாங்காது. "இப்போ சத்தம் வரும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடாதா? பள்ளியில் சேர்ப்பார்களா?

சான்றிதழ் உங்கள் கையில் இருக்கும் காகிதம். யாரிடம் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. சான்றோடு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் சேர்ந்தால், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவச் செலவில் பயிற்சிக் கட்டணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சேர்க்க மறுக்கும் பள்ளியிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்ததற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அடுத்த குழந்தையின் வளர்ச்சியை முதல் ஆண்டிலிருந்தே கவனியுங்கள்.

என்றைக்காவது அவன் பேசுவானா?

இதற்கு நான் உறுதி கொடுக்க முடியாது. நான்கு வயதில் பேச்சு மிகவும் குறைவாக இருந்த 500-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எட்டு வயதுக்குள் பத்தில் ஏழு பேர் சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள். பாதிக்குச் சற்று குறைவானவர்கள் சரளமாகப் பேசினார்கள். பத்தில் மூன்று பேருக்குச் சொற்களைச் சேர்த்துப் பேச வரவில்லை, அதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் பேசாத பிள்ளைக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. படம் ஒட்டிய அட்டைகளைக் கொடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்ற அச்சம் தேவையில்லை. பலருக்கு அதுவே பேச்சுக்கு வழிவிடுகிறது. என்னிடம் வரும் எர்ணாவூர்ப் பையன் ஒருவனுக்கு வயது ஏழு, இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. சென்ற மாதம் வெயிலில் வந்து உட்கார்ந்தவன், தண்ணீர் அட்டையை எடுத்து என் கையில் வைத்தான். குடித்து முடித்ததும் அதே அட்டையை எடுத்து, வாசலில் நின்றிருந்த தன் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவரும் வியர்த்துக் களைத்திருந்தார்.